அந்நிய மண்ணில் சுவாமி விவேகானந்தர்

சுவாமி விவேகானந்தர் என்றதும் 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11 ஆந் திகதி சிக்காகோ சர்வமத மகாசபையில் அவர் ஆற்றிய உரையே எல்லோர் நினைவுக்கும் வரும். பாடப் புத்தகங்களில் இடம்பெறுவதும், பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் மனனஞ் செய்து ஒப்புவிப்பதும் அதுவே. அந்த உரை சில நிமிடங்களில் முடிந்துபோனது. அதற்கு முன்னும் பின்னுமாக மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அவர் மேல்நாடுகளில் எங்கே தங்கினார், எதை உண்டார், செலவுக்கு என்ன செய்தார் என்பவற்றை எம்மவர் பேசுவது குறைவு. முப்பது வயதில் கப்பலேறிய இளந்துறவி முப்பத்து நான்காவது வயதில் ஒரு பேராசானாகத் திரும்பி வந்தார். அந்த வளர்ச்சி மேடையில் நிகழ்ந்ததிலும் பார்க்க அன்றாட வாழ்விலேயே பெரிதும் நிகழ்ந்தது.

1863 ஜனவரி 12 இல் கல்கத்தாவில் நரேந்திரநாத தத்தராகப் பிறந்தவர் அவர். தந்தையார் 1884 இல் காலமானார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. குருநாதர் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886 ஆகஸ்டில் மகாசமாதி அடைந்தபின் துறவு பூண்டு பாரதமெங்கும் கால்நடையாகவும் புகையிரதத்திலும் திரிந்தார். 1892 இன் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்தபோது, நாட்டு மக்களின் பசியைத் தீர்க்க ஒரு வழி தேடவேண்டும் என்ற எண்ணமே அவர் மனதை நிறைத்திருந்தது. மேல்நாட்டாருக்கு வேதாந்தத்தைக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஏழைகளுக்கான உதவியைப் பெற்றுவரலாம் என்று கருதியே அமெரிக்கா செல்லத் துணிந்தார்.

சென்னையில் அழகியசிங்கப் பெருமாள் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் வீடு வீடாகச் சென்று பயணச் செலவுக்குப் பணம் திரட்டினார். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய மனிதர் அவர். கொடுத்தவர்களும் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. கேத்ரி மன்னர் அஜித் சிங் கப்பலில் முதல் வகுப்புச் சீட்டும் பட்டு அங்கியும் தலைப்பாகையும் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1893 மே 31 இல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. வழியில் கொழும்பிலும் அது தரித்தது. சுவாமிகள் கரையிறங்கி, புத்தபெருமானின் சயனத் திருவுருவம் உள்ள விகாரை ஒன்றைத் தரிசித்துச் சென்றார். அன்று அவரை வரவேற்க ஒருவரும் துறைமுகத்துக்குப் போகவில்லை. அவர் யாரென்று இங்கு எவருக்கும் தெரியாது.

சிங்கப்பூர், ஹொங்கொங், ஜப்பான் வழியாகப் பசுபிக் சமுத்திரத்தைக் கடக்கையில் குளிர் வாட்டியது. பட்டு அங்கி கொடுத்தவர்களுக்குக் கம்பளி உடுப்பு வேண்டும் என்பது தோன்றவில்லை. ஜூலை இறுதியில் சிக்காகோவை அடைந்தவருக்கு அடுத்த அடி காத்திருந்தது. மகாசபை செப்டெம்பரில்தான் கூடும். பிரதிநிதியாக வருபவர் தக்க சான்றுக் கடிதம் கொண்டுவர வேண்டும். பெயர் பதியும் காலமும் கடந்துவிட்டது. அனுப்பியவர்களும் சென்றவரும் இதையெல்லாம் விசாரிக்கவே இல்லை. பக்தி மிகுந்த இடத்தில் காகித வேலை குறைவுபடுவது அன்றும் வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

கையிலிருந்த பணம் கரையத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஒரு பவுண் வரை செலவாகிறது என்றும், ஒரு சுருட்டின் விலை எட்டணா என்றும் சென்னை நண்பர்களுக்கு எழுதினார். சுவாமிகளுக்குப் புகைக்கும் பழக்கம் இருந்தது. அதை அவர் ஒளித்ததில்லை. சுருட்டுக்குப் பேர்போன எங்கள் நாட்டில் எட்டணாவுக்கு அக்காலத்தில் எத்தனை சுருட்டு வாங்கியிருக்கலாம் என்று மூத்தோர் கணக்குப் பார்க்கட்டும்.

செலவு குறையும் என்று பொஸ்டன் பக்கம் போனார். புகையிரதத்தில் சந்தித்த கேற் சான்போர்ண் என்ற எழுத்தாளப் பெண்மணி தமது பண்ணை வீட்டுக்கு அழைத்தார். தங்குமிடச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் அந்த அம்மையார் தம் நண்பர்களையெல்லாம் அழைத்து, இந்தியாவிலிருந்து வந்த ஒரு விநோதப் பொருளைப் போல அவரைக் காட்டிக்கொண்டிருந்தார். தெருவில் இறங்கினால் காவி உடையையும் தலைப்பாகையையும் கண்டு சிறுவர்கள் கூவினர். சுவாமிகள் இரண்டையும் சகித்தார். வெளியில் செல்ல நீண்ட கறுப்புக் கோட்டு ஒன்று தைப்பித்துக் கொள்ளவும் முடிவுசெய்தார்.

அந்நாட்களில் அவர் பார்த்தவற்றுள் ஒன்று பெண்களுக்கான சிறைச்சாலை. அங்கே கைதிகளைத் தண்டனைக்குரியவர்களாக மட்டும் நடத்தாமல், திருந்தி ஊருக்குள் திரும்பவேண்டியவர்களாக நடத்தினார்கள். அதைக் கண்டு மகிழ்ந்த மனம் உடனே தாய்நாட்டை நினைத்து நொந்தது. குற்றமே செய்யாத ஏழை, தாழ்த்தப்பட்டவன் என்ற காரணத்துக்காக மட்டும் தலைநிமிர முடியாமல் கிடக்கிறானே என்று அதே கடிதத்தில் மனமுருகினார். கொடுப்பதற்காகப் போனவர், கற்றுக்கொள்ளவும் நிறைய உண்டு என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டார்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோன் ஹென்றி றைற் அவருடன் உரையாடி வியந்து, மகாசபையினருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். சிக்காகோவுக்குப் புகையிரதச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் சிக்காகோவில் இறங்கியபோது போகவேண்டிய இடத்தின் விலாசம் காணாமற் போயிருந்தது. வழி கேட்டால் சொல்வாரில்லை. அன்றிரவு புகையிரத முற்றத்தில் கிடந்த ஒரு வெறும் பெட்டிக்குள் படுத்துறங்கினார். விடிந்ததும் பசி. துறவி பிச்சை கேட்பது பாரதத்தில் வழக்கம். அதே வழக்கப்படி செல்வந்தர் வாழும் தெருவில் வீடு வீடாகக் கேட்டார். வேலைக்காரர்கள் அவமதித்துக் கதவைச் சாத்தினர். களைத்துத் தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்த ஹேல் அம்மையார், மகாசபைக்கு வந்தவரா என்று விசாரித்து, உள்ளே அழைத்து உணவளித்து, தாமே அழைத்துச் சென்று சபையினரிடம் சேர்ப்பித்தார். அந்தக் குடும்பம் கடைசிவரை அவருக்குச் சொந்தக் குடும்பமாகவே இருந்தது. அங்கிருந்த இளம் பெண்களைத் தங்கைகளாகப் பாவித்து அவர் எழுதிய கடிதங்களில் கேலியும் உண்டு, கோபமும் உண்டு. துறவிக்குள்ளே ஓர் அண்ணனும் இருந்தார் என்பதற்கு அவை சாட்சி.

மகாசபையில் அமெரிக்க மக்களை உடன்பிறந்தாராக அவர் விளித்ததும் மண்டபமே எழுந்து கரகோஷஞ் செய்ததை எல்லோரும் அறிவர். ஒரே நாளில் பெயர் நாடெங்கும் பரவியது. செல்வந்தர் வீட்டு மெத்தையில் படுத்த அன்றிரவு, தாய்நாட்டுப் பட்டினியை நினைத்துத் தரையில் புரண்டு அழுதார் என்று சரிதகாரர்கள் எழுதியுள்ளனர்.

பின்னர் ஒரு விரிவுரை நிறுவனத்துடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டு ஊர் ஊராகப் பேசினார். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். இரவில் புகையிரதம், பகலில் விருந்தும் கேள்விகளும். 1893 நவம்பரில் மினியாபொலிசில் இருந்தபோது வெப்பநிலை பரனைட் கணக்கில் பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை. குளிருக்கு அஞ்சி ஒடுங்காமல், உறைந்து நின்ற நீர்வீழ்ச்சியைப் போய்ப் பார்த்து, பனிச்சறுக்கு வண்டியிலும் ஏறி மகிழ்ந்தார். வேறு சில ஊர்களில் தோலின் நிறத்தைப் பார்த்து, அவரைக் கறுப்பினத்தவர் என்று எண்ணி விடுதிகளில் இடங்கொடுக்க மறுத்தனர். முடி திருத்துவோர் வெளியே போகச் சொன்னார்கள். தாம் இந்தியர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பின்னாளில் ஒருவர் காரணம் கேட்டபோது, இன்னொரு மனிதனைத் தாழ்த்தித் தாம் உயரவேண்டுமா என்று வியப்போடு திருப்பிக் கேட்டார். வேதாந்தத்தை மேடையில் விளக்குவோர் பலர். நாவிதர் கடை வாசலில் நின்றபடி அதைக் கைக்கொள்வது எளிதல்ல.

விரிவுரை நிறுவனம் அவரை ஏமாற்றியது. ஒரு கூட்டத்தில் 2500 டொலர் வசூலானது. அவர் கைக்கு வந்தது 200 டொலர். அக்காலத்தில் 2500 டொலர் என்பது ஏறக்குறைய 7500 ரூபா. 1894 இல் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முறித்தார். பணம் திரட்டி ஏழைகளுக்கு அனுப்பலாம் என்று கடல் கடந்தவருக்கு அது பெரிய ஏமாற்றமே.

அதைவிடக் கடுமையானது அவதூறு. அவர் எந்த மதத்துக்கும் பிரதிநிதியல்லர், ஏமாற்றுக்காரர், ஒழுக்கங் கெட்டவர் என்றெல்லாம் சில கிறிஸ்தவ போதகர்களும், தாய்நாட்டவர் சிலருங்கூடக் கதை பரப்பினர். பிறர் என்ன சொன்னாலும் கவலையில்லை, ஆனால் முதிய தாயாரின் காதில் இது விழுந்தால் அவர் தாங்கமாட்டார் என்று ஹேல் குடும்பத்துக்கு எழுதினார். சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டி, இவர் எங்கள் பிரதிநிதிதான் என்று ஒரு தீர்மானம் அனுப்பும்படி நண்பர்களை வேண்டினார். ஒரு கடதாசிக்காக அந்தப் பெரியவர் மாதக்கணக்காகத் தபாலை எதிர்பார்த்திருந்தார். 1894 ஏப்ரிலில் சென்னையிலும் செப்டெம்பரில் கல்கத்தாவிலும் கூட்டங்கள் நடைபெற்றன. செய்தி வந்து சேர்ந்தபின்பே மனம் ஆறினார். எதற்கும் கலங்காத ஞானி என்று அவரைப் படமாக்கி மாட்டிவிட்ட எமக்கு, இந்த மாதங்களை அறிவது நல்லது.

1895 ஜனவரியில் நியூயோர்க்கில், 33 ஆம் தெருவில், சாதாரண விடுதி ஒன்றில் லாண்ட்ஸ்பேர்க் என்ற சீடருடன் தங்கி வகுப்புகளைத் தொடங்கினார். தக்க மனிதரை மட்டும் நல்ல இடத்தில் கூட்டவேண்டும் என்று ஆலோசனை கூறிய சீமாட்டிகளுக்கு அந்த ஏழை அறை பிடிக்கவில்லை. சுவாமிகள் கேட்கவில்லை. கதிரைகள் போதாதபோது மாணவர்கள் தரையிலும் மேசையிலும் மாடிப்படியிலும் அமர்ந்தனர். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. வாடகைக்குப் பணம் போதாவிட்டால், பாரதத்தின் வாழ்க்கை முறை பற்றி வேறிடத்தில் விரிவுரை செய்து அந்த வருமானத்தில் இந்தச் செலவை ஈடுசெய்தார். சில இரவுகளில் குருவும் சீடருமாகப் பருப்பும் பார்லியும் சமைத்துச் சாப்பிட்டனர்.

பின்னர் புறூக்லின் நகரிலிருந்து வந்த வோல்டோ என்ற மாணவி, சுவாமிகளின் இருப்பிடம் துப்புரவின்றிக் கிடப்பதைப் பார்த்துச் சமையலையும் கூட்டித் துடைக்கும் வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார். குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் இரண்டு மணிநேரப் பயணம். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டு இரவு ஒன்பது, பத்து மணிக்கே வீடு திரும்புவார். விடுமுறை நாளில் சுவாமிகள் அதே வண்டியில் அந்த அம்மையார் வீட்டுக்குப் போய்க் குசினியில் நின்று சமைப்பார். ஐஸ்கிறீம் என்றால் அவருக்குக் கொள்ளை விருப்பம். ஒருநாள் அறையிலிருந்த பெரிய கண்ணாடியின் முன் மீண்டும் மீண்டும் நின்று தம்மை உற்றுப் பார்த்தார். இவருக்கும் அழகில் கர்வமா என்று அம்மையார் எண்ணியவேளை, எத்தனை தரம் பார்த்தாலும் திரும்பியவுடன் தமது முகம் மறந்துபோகிறதே என்றார் அவர்.

அந்த ஆண்டு ஜூன் 18 முதல் ஏழு வாரங்கள் சென் லோறன்ஸ் நதியிலுள்ள ஆயிரந் தீவுப் பூங்காவில், ஒரு மாணவியின் சிறிய வீட்டில் தங்கிப் பாடஞ் சொன்னார். வந்தவர்கள் மொத்தம் பன்னிருவரே. சிக்காகோவில் ஆயிரக்கணக்கானோர் முன் நின்றவர் பன்னிருவருக்காக முழுக் கோடையையும் கொடுத்தார். வேலைக்காரர் இல்லை, வீட்டு வேலைகளை மாணவர்களே பகிர்ந்து செய்தனர். சில நாட்களில் சுவாமிகளே சமைத்தார். அந்த உறைப்பு அமெரிக்க நாக்குக்குப் பெருஞ் சோதனையாக இருந்தது. மாலையில் மாடித் தாழ்வாரத்தில் கூடிப் பேசுவார்கள். மழை பெய்த ஓரிரவில் டிற்றொயிற் நகரிலிருந்து இரு பெண்கள் அவரைத் தேடி அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான கிறிஸ்ரீன் பின்னாளில் கல்கத்தா சென்று, சகோதரி நிவேதிதையின் பெண்கள் பாடசாலையில் பணியாற்றினார். வோல்டோ எடுத்த குறிப்புகள் பின்னர் நூலாயின.

அந்த ஆண்டு டிசெம்பரில் உரைகளை எழுதிக்கொள்ளச் சுருக்கெழுத்தாளர் ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞர். சில நாட்களிலேயே கூலி வேண்டாம் என்றுவிட்டு, சீடராகி, இரவு பகலாக எழுதினார். சுவாமிகள் குறிப்பின்றிப் பேசுபவர். இன்று எம் கையில் தவழும் அவரது உரைகளிற் பெரும்பகுதி குட்வினின் பென்சிலால் பிழைத்தவை. 1898 ஜூனில் உதகமண்டலத்தில் அவர் இளவயதிலேயே காலமானார். சபைகளில் பேச்சாளருக்கு மாலை போடுகிறோம். எழுதி வைத்தவரை நினைப்பதில்லை.

1896 இல் இலண்டனிலும் வகுப்புகள் நடைபெற்றன. சகோதரத் துறவிகளான சாரதானந்தரையும் அபேதானந்தரையும் வரவழைத்துப் பணியை அவர்களிடம் ஒப்படைத்தார். தனி ஒருவராகப் போனவர், தாம் இல்லாமலும் வேலை நடக்க வழிசெய்த பின்பே கப்பலேறினார். முப்பத்து நான்காவது பிறந்த நாள் கடலிலேயே கழிந்தது.

1897 ஜனவரி 15 இல் கொழும்புத் துறைமுகத்தில் பெருந்திரளான மக்கள் காத்திருந்தனர். 1893 இல் யாருமறியாமல் இறங்கி ஏறிய அதே கரையில், குமாரசுவாமி முதலிய பிரமுகர்கள் மாலை சூட்டினர். கண்டி, மாத்தளை வழியாக வடக்கே வருகையில் தம்புள்ளைக்கு அருகே குதிரை வண்டியின் சில்லு உடைந்தது. தெருவோரத்தில் மூன்று மணிநேரம் காத்திருந்து மாட்டு வண்டியில் பயணத்தைத் தொடர்ந்தார். தெருவோரத்தில் காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தவரை மக்கள் தீவட்டி வெளிச்சத்தில் மேளவாத்தியத்துடன் ஊர்வலமாக யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றனர். கல்லூரி தொடங்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கு அவர் வேதாந்தத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பின்னர் கடல் வழியாகப் பாம்பனுக்குப் புறப்பட்டார்.