வானியல் ஆசிரியர் அல்-பிரூனி

அறிவுலகம் போற்றும் மேதைகளுள் அபூ ரைஹான் அல்-பிரூனி முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கியுள்ள குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் கி.பி. 973-இல் (ஹிஜ்ரி 362) பிறந்தார். கணித வல்லுநர் அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 997-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் அவரும், பக்தாதில் அபுல் வஃபாவும் ஒருங்கே கண்டு குறித்தனர். இரு நகரங்களிலும் பதிவான நேரங்களை ஒப்பிட்டு, அவற்றின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். 1017-இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றியபின் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்து கிப்லாவின் திசையைத் துல்லியமாகக் காணும் கணக்கியலை 1025-இல் நூலாக்கினார்.

ஆராய்ச்சியாளர் அல்-பிரூனியை நாம் அறிவோம்; ஆசிரியர் அல்-பிரூனியை அறிந்தோர் சிலரே. 1029-இல் ரைஹானா என்னும் குவாரிஸ்ம் நாட்டுப் பெண்மணியின் வேண்டுகோளுக்கு இணங்கி, வானியலின் தொடக்க நூலொன்றை இயற்றினார். ‘தஃப்ஹீம்’ எனப்படும் அந்நூலின் பெயருக்குப் ‘புரியவைத்தல்’ என்பது பொருள். அரபியிலும் பாரசீகத்திலும் அமைந்த அது, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களாலும் விடைகளாலும் ஆனது.

அந்நூலின் அடுக்குமுறை எண்ணி மகிழத்தக்கது. முதலில் வடிவியல், அடுத்து எண்ணியல், பின்னரே வானம். வடிவியலையும் கண்ணுக்குப் புலனாகாத புள்ளியில் தொடங்காமல், கையால் தொட்டறியத்தக்க திண்பொருளில் தொடங்குகிறார். அதிலிருந்து பரப்பு, கோடு, புள்ளி என இறங்கி வருகிறார். அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணவரை அழைத்துச் செல்லும் நெறி இதுவே. விண்மீன் உயரம் அளக்கும் அஸ்தர்லாபுக் கருவியின் பயன்பாடும் பாடத்தில் இடம்பெறுகிறது. அவர் பெரிதும் நம்பாத சோதிடம் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது.

கற்பிப்பவர் கற்கவும் வேண்டும் என்பதற்கும் அவரே சான்று. சமஸ்கிருதம் பயின்று இந்திய வானியலை ஆராய்ந்தார். யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களை இந்திய அறிஞர்களுக்காகச் சமஸ்கிருதத்தில் ஆக்கவும் முனைந்தார். பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கஸ்னாவில் மறைந்த அவரது பெயரை, நிலவின் பள்ளமொன்று இன்று தாங்கி நிற்கிறது.

மாதந்தோறும் பிறை பார்க்கும் சமுதாயம் நாம். ஆயினும் தலைப்பிறை ஏன் அந்திப்பொழுதில் மேற்கு வானில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறைகிறது என வினவினால், கல்லூரி மாணவருள் பலர் தயங்குகின்றனர். கோள்களின் இயக்க விதிகளைத் தேர்வில் பிழையற எழுதுவோரும் அவர்களுள் உளர். குறை மாணவரிடம் இல்லை. வானத்தைக் காணுமுன் வாய்பாட்டைக் கொடுத்துவிடும் நம் முறையில் உள்ளது.

எனவே, தொடக்க வானியல் வகுப்பின் முதற்பாடம் திறந்த வெளியில் நிகழட்டும். தலைப்பிறை முதல் முழுநிலவு வரை, கதிரவன் மறையும் வேளையில் நிலவு நிற்கும் இடத்தை மாணவர் நாள்தோறும் குறித்து வரட்டும். அது கதிரவனை விட்டு நாளும் கிழக்கே விலகுவதை அவர்களே காண்பர். விலக விலக அதன் ஒளிமுகம் வளர்வதையும் காண்பர். ஏன் என்ற வினா அவர்களிடமிருந்தே எழும். அதன்பின் கணக்குச் சுமையாகாது, விடையாகும்.

தொடக்க மாணவருக்கு எழுதுவதைச் சிறு பணியென அம்மேதை கருதவில்லை. நாமும் அவ்வாறு கருதாதிருப்போமாக!