ரொட்டித் துணுக்கு கற்றுத் தந்த பாடம்

ரோம் நகரில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகள் சிலர் அங்கே ஒரு வெற்று அறையில் அடைக்கப்பட்டு இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் தவழ்ந்து, சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். எவ்வளவு தின்றாலும் அடங்காத பிள்ளைகள் என்று, பார்த்துக்கொண்ட பெண் முகம் சுளித்தாள்.

அங்கே வந்த இளம் பெண் டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மைகூட இல்லை. தொட்டுப் பார்க்க அந்தத் துணுக்குகளை விட்டால் வேறு எதுவும் இல்லை. பசித்து இருந்தவை அந்தக் குழந்தைகளின் கைகள்!

அந்த டாக்டர்தான் மேரியா மாண்டிசோரி அம்மையார்.

டாக்டர் பட்டம்

இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில், 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்தார். மகள் டாக்டருக்குப் படிப்பதில் தகப்பனாருக்கு இஷ்டம் இல்லை. தாயார் துணை நின்றார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குத் தொட்டும் தடவியும் விளையாடச் சாமான்கள் கொடுத்தார். படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பரீட்சையிலும் தேறினார்கள்.

குழந்தைகள் வீடு

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் வீடு' தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவரில் கிறுக்கித் திரிந்த பிள்ளைகள் அங்கே வந்தார்கள்.

10 மரக்கட்டைகள். சிறியது 1 செண்டிமீட்டர். பெரியது 10 செண்டிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோபுரம். தப்பாக அடுக்கினால் குழந்தையின் கண்ணே தப்பைக் காட்டிவிடும். அதட்ட ஆள் வேண்டாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தடவி, பட்டா பருத்தியா என்று சொல்ல வேண்டும். பெட்டியைக் குலுக்கி, ஒரே ஓசை உள்ள இன்னொரு பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்ல வேண்டும்.

இப்படி விளையாடி விளையாடி விரல் பழகிவிட்டது. ஒரு நாள் சாக்குக்கட்டியை எடுத்தார்கள். எழுதிவிட்டார்கள்! நாலு வயதுப் பிள்ளைகள்!

பிரிந்த மகன்

ஊரார் குழந்தைகளை வளர்த்த அம்மையாருக்குச் சொந்த மகனை வளர்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1898-ல் மரியோ பிறந்தபோது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சி, குழந்தை கிராமத்துக் குடும்பம் ஒன்றில் விடப்பட்டது. அம்மையார் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். மகன் பதினைந்து வயது வாக்கில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் தாயின் வேலைக்கு வலதுகை ஆனார்.

சென்னையில்

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939-ல் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். சுமார் 300 பேர் பயிற்சி பெற்றார்கள்.

1940 ஜூனில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தது. எதிரி நாட்டவர் என்று மரியோ காவலில் வைக்கப்பட்டார். மறுபடியும் பிரிவு!

ஆகஸ்டு 31. அம்மையாரின் 70-வது பிறந்த நாள். அன்று அரசாங்கம் ஒரு பரிசு கொடுத்தது. மகனை விடுதலை செய்தது.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டில் அம்மையார் காலமானார். அப்போது மரியோ அருகில் இருந்தார்.

அடுப்பங்கரையில் அரிசியை அளையும் பிள்ளையின் கையைத் தட்டிவிட வேண்டாம். அது பாடம் படிக்கிறது.