நான்கு பெண்களோடு தொடங்கிய வீடு: சகோதரி சுப்பலட்சுமி



நம்ம கோபாலபுரத்திலிருந்து லாயிட்ஸ் ரோடு வழியா கிழக்கே போனால், ராயப்பேட்டையைத் தாண்டி கடற்கரைப் பக்கம் ஐஸ் ஹவுஸ் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டிய கட்டடம் அது. இப்போது அதற்குப் பெயர் விவேகானந்தர் இல்லம். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சின்னஞ்சிறு வயதில் கணவனை இழந்த பெண்பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்த வாழ்வைக் கொடுத்தவர்தான் சகோதரி சுப்பலட்சுமி.

1886 ஆகஸ்ட் 18-ல் மயிலாப்பூரில் பிறந்தவர் அவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளைப் பையன் இறந்துபோனான். அந்தச் சமூகத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு நல்லது கெட்டதில் இடமில்லை. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். பலருக்குத் தலையை மழித்து, ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் சுப்பலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். ஊர் பேசத்தான் செய்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழும்பூர் கான்வென்ட்டில் படித்தபோது, கன்னியாஸ்திரிகள் பிள்ளைகளுக்காகவே வாழ்வதைப் பார்த்து, தானும் அப்படி வாழ வேண்டும் என்று சுப்பலட்சுமி முடிவு செய்தார். பின்னாளில் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்று கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான்.

பட்டம் வாங்கியதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் தனக்குக் கிடைத்த அப்பா எல்லாப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1912-ல் எழும்பூரில் தங்கள் வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு இல்லம் தொடங்கினார். அவருடைய சித்தி வாலாம்பாளும் இளவயதிலேயே கணவனை இழந்தவர்தான். அந்தப் பிள்ளைகளைத் தாய்போல் பார்த்துக்கொண்டவர் அவர். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார், அரசு உதவி கிடைக்கத் துணை நின்றார். பிள்ளைகள் கூடக்கூட வீடு போதவில்லை. கடைசியில் இல்லம் ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே நாம கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பத்திரமாகப் பூட்டி வைப்பது அவர் நோக்கமில்லை. ஒவ்வொருத்தியும் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும், தன் சொல்லுக்கு மதிப்பு வர வேண்டும் என்று நினைத்தார். அதனால் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினார். அப்போது பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியைகள் கிடைப்பதே கஷ்டம். வேண்டாதவள் என்று வீடு ஒதுக்கிய பெண்ணை, ஊருக்கே தேவையானவளாக மாற்றிவிட்டார். அவள் கையில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவரே தலைமை ஏற்றார். கடற்கரைச் சாலையில் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. வயது கூடிய விதவைகளுக்குப் படிக்க இடமில்லை என்று கண்டு, 1927-ல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காகப் பேசினார். 1929-ல் வந்த அந்தச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14 என்றது. இன்று அது 18.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய முதல் இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இருந்தது. மற்றப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனால் அவருடைய வேலை அந்த வீட்டோடு முடிந்துவிடவில்லை. பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி வர வழி செய்தார். வயதான காலத்தில் தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கத்துக்குப் போய், கிராமத்துப் பெண்களுக்காக வேலை பார்த்தார். 1956-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் தொடங்கிய பள்ளிக்கும் அவர் துணை நின்றார். அதுதான் இன்றைய வித்யா மந்திர்.

1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1958-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20-ல் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போகவில்லை. எடுத்துச் செய்யக்கூடியவர்களை அவர் இருக்கும்போதே வளர்த்துவிட்டார்.

சகோதரிகளே, நம்ம குழுவை இப்போ நினைத்துப் பார்ப்போம். எத்தனை குழுக்களில் வருஷக்கணக்காக ஒரே ஊக்குநர், ஒரே பிரதிநிதிகள்? தீர்மானப் புத்தகத்தில் ஒரே கையெழுத்து? நம்ம பெண்ணும் மருமகளும் படித்தவர்கள்தான். ஆனாலும் கூட்டம் நடக்கும்போது டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்போம். வங்கிக்குக் கூடவே கூட்டிப்போவோம், மேலாளரிடம் அவர்களையே பேச விடுவோம். முதல் மாதம் தப்பு வரும். வரட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால், அவள் படிப்பு முடியட்டும் என்று குழுவாகச் சேர்ந்து போய்ச் சொல்வோம்.

நான்கு பெண்களை வைத்துக்கொண்டு ஒரு அம்மா இவ்வளவு செய்தார். நம்ம ஒவ்வொரு குழுவிலும் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்.