பறவையைப் பார்த்து எழுதியவர்: மா. கிருஷ்ணன்

குயிலையும் கிளியையும் பாடாத தமிழ்க் கவிஞர் இல்லை. ஆயினும், ஐப்பசி மழையை ஒட்டி நகரத்துத் தோட்டங்களுக்கு வந்து, வெயில் ஏறும் முன் வடக்கே மீளும் வாலாட்டிக் குருவியை இனங்காண வல்லார் நம்முள் எத்தனை பேர்? கண்ணால் கண்டு தெளிந்த பின்னரே எழுத வேண்டும் என்னும் நெறிக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன்.

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனாக 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் வாதாடிய தந்தையார், அவ்விடத்திலேயே 1925இல் உயிர் துறந்தார். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்று, சட்டமும் கற்ற கிருஷ்ணன், 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் பல பணிகள் ஆற்றினார். 1949இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். பிறகு எவரிடமும் சம்பளத்துக்கு அமரவில்லை; எழுத்தும் படமுமே பிழைப்பாயின. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை வாழ்நாள் இறுதிவரை எழுதினார்.

யானைகளைத் தேடிக் காடுகளில் அலைந்த அவர், மயிலாப்பூர் வீட்டருகே திரியும் காக்கையையும் குயிலையும் அதே கருத்தோடு நோக்கினார். அரிய உயிர் உயர்ந்தது, அன்றாடம் காண்பது தாழ்ந்தது என்ற பேதம் அவர் எழுத்தில் இல்லை. பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த காமிராவால், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வண்ணத்தின் கவர்ச்சி நீங்கிய அப்படங்களில் உயிரின் வடிவும் நிற்கும் நிலையும் துலங்கின. தம் கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களும் தாமே வரைந்தார்.

குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் கிளுவையும் வந்து தங்கும் வேடந்தாங்கலைப் பற்றித் தமிழில் எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு உயிரினக் கட்டுரைகள் அளித்தார். சங்க இலக்கியப் பயிற்சியும் கள அறிவும் அவரிடம் ஒன்றாயின. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பழம்பாடல்களின் நுட்பம் முழுதும் விளங்காது. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரை, குளிர்காலத்தில் தெற்கே வந்து வடக்கே மீளும் பறவை. அதன் போக்குவரவை அறிந்தமையாலன்றோ புலவர் அதனிடம் செய்தி சொல்லி அனுப்பினார்!

பத்மஸ்ரீ விருது 1970இல் அவரை வந்தடைந்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மறைந்தார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் 2002இல்தான் நூலாயிற்று. வாழுங்காலத்தில் அவரது தமிழைத் தமிழுலகம் போதிய அளவு கேட்டு வாங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அடையாற்றுக் கழிமுகத்துக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் உள்ளான்களும் வாத்துகளும் இன்றும் ஆண்டுதோறும் வருகின்றன. கட்டடங்கள் நெருக்க, அவை இறங்கும் இடமோ சுருங்கி வருகிறது. ஒரு பறவை வராது போனால், அதன் பெயரும் மெல்ல வழக்கொழியும். சொல்லைக் காக்கும் கடமை பூண்ட கவிஞர்கள், அச்சொல்லுக்குரிய உயிரையும் அறிந்திருத்தல் வேண்டும். கிருஷ்ணன் விட்டுச் சென்ற எழுத்து நம்மிடம் வேண்டுவது அதுவே.