கடன்சிறை திறந்த இசை

ஜேர்மனியின் ஹாலே நகரில் 1685ஆம் ஆண்டு பிறந்த ஹாண்டலை நியாயதுரந்தரர் ஆக்கவே தந்தையார் விரும்பினார். மைந்தர்க்கோ இசையே உயிராயிற்று. இத்தாலி சென்று தேர்ச்சியுற்று இலண்டனிற் குடியேறிய அவர், இசைநாடகங்களாற் பெரும்புகழ் எய்தினார். நாளடைவில் மக்கட்கு அவை சலித்தன, பொருள் நட்டமுற்றது, 1737இல் வலக்கையும் செயலிழந்தது.

தேறியெழுந்தவர், வேடமும் நடிப்புமின்றிப் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைப் பாடல்களில் மனஞ் செலுத்தினார். 1741இல் இருபத்துநான்கே நாளில் மெசையாவை ஆக்கி முடித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 13ஆந் திகதி டப்ளின் நகரில் அஃது அரங்கேறியது. இடம் போதாதென அஞ்சி, பெண்டிர் வளையப் பாவாடையையும் ஆடவர் வாளையும் ஒழித்து வருமாறு முன்னரே வேண்டப்பட்டனராம்!

வருவாய் இரண்டு வைத்தியசாலைகளுக்கும் கடன்சிறையாளர்க்கும் பகிரப்பட்டது. கடன் இறுக்காதாரைச் சிறையிடுவது அக்கால வழக்கம். சிறைப்பட்டவன் உழைப்பதெங்ஙனம்? கடன் தீர்ப்பதெங்ஙனம்? அன்றைய பாட்டினால் 142 பேர் விடுதலையாயினர்.

இலண்டனிற் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லத்தின் பொருட்டு 1750 முதல் ஆண்டுதோறும் மெசையா பாடப்பட்டது. ஆயின், ஆபிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற ரோயல் ஆபிரிக்கன் கம்பனியின் பங்குகளை 1720இல் இவரே வைத்திருந்தார் என்பதையும் ஈண்டு மறைத்தல் முறையன்று. அக்குழந்தைகட்கு இரங்கிய நெஞ்சம் கப்பலிற் பிணிக்கப்பட்டோரை நினைந்ததோ, அறியோம்.

கடைசி ஆண்டுகளிற் கண்ணொளி முற்றும் இழந்தும் அவர் இசையரங்கை விட்டாரல்லர். 1759 ஏப்ரல் 14ஆந் திகதி காலமானார். மெசையாவின் கைப்பிரதியொன்றை அக்குழந்தைகள் இல்லத்திற்கே மரணசாதனத்தில் எழுதிவைத்திருந்தார்.