கல்லுப்பட்டி ஆடிட்டரும் நம் வளாகத்துச் சருகும்



இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்போது கத்திரி வெயில் விடைபெற்றிருக்கும். மேற்கே மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டதா என்று நீங்கள் விசாரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். செடி வளர்ப்பவர்களுக்கு இது வேலை நெருக்கும் சமயம். காய்ந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். வெயிலில் இறுகிப்போன தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளற வேண்டும். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும் குப்பையை எடுக்க வேண்டும். கீழே தென்னைக்கும் எலுமிச்சைக்கும் வட்டப்பாத்தி வெட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மூலையில் மலைபோல் குவிந்து கிடப்பது சருகு.

போன வருஷம் இதே சமயத்தில் அந்தச் சருகுக்குத் தீ வைத்தவன் நான்தான். காற்று திரும்பிவிட்டது. புகை முழுவதும் பின்பக்க வீடுகளுக்குள் புகுந்தது. மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தில் கூடப் புகை வாடை. இளைப்பு உள்ள ஒரு பெரியவர் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பக்கத்தில் நின்ற முருங்கை ஒரு பக்கம் கருகியது. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது திடக்கழிவு விதிகளின்படி தவறு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அதே வாரத்தில் தோட்டத்துக்குச் செம்மண்ணும் உர மூட்டையும் வாங்க வவுச்சர் எழுதியதும் நான்தான். வங்கியில் ஆயுள் முழுக்கப் பற்று வரவு எழுதியவனுக்கு, இந்த இரண்டு காரியமும் ஒரே பேரேட்டில் எதிரெதிரே வர வேண்டியவை என்பது அன்று உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் ஓர் ஆடிட்டர். அவர் காலமாகி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊர் இதழ் என்றால் நெற்கட்டும்செவல் பூலித்தேவரைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை கொஞ்சம் வடக்கே போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மதுரை பஸ் ஏறினால் சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் தாண்டி டி.கல்லுப்பட்டி வரும். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. நூறு தடவையாவது அந்த வழியாகப் போயிருப்பீர்கள், நானும் போயிருக்கிறேன். ஜே.சி. குமரப்பா என்ற மனிதர் தம் கடைசி வருஷங்களைக் கழித்த இடம் அது.

குமரப்பா 1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பையன் லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார், முதல் உலகப்போர் முடிந்த பிறகு திரும்பி வந்து பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். நம்மைப் போன்ற காமர்ஸ் ஆட்கள் கனவு காணும் வாழ்க்கை.

1927-இல் அமெரிக்கா போனவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சைப் பத்திரிகையில் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், ஆராய்ச்சிக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரசாங்க வரவுசெலவுக் கணக்கைத் தணிக்கைக்காரன் கண்ணால் பார்க்கப் பார்க்க, கிராமத்தில் விளைந்த செல்வம் எந்த வாய்க்கால் வழியாக வெளியே ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் முன்னோர் பெயரான குமரப்பாவைத் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

1929 மே மாதம் அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு சபர்மதிக்குப் போனார். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் உலாத்தினார். மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த பிறகுதான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. மடிப்புக் கலையாத பட்டுக் கால்சட்டையோடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாராம். அன்றோடு பம்பாய் வாழ்க்கை முடிந்தது. காந்தி அவரைக் குஜராத்தில் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பி, கிராமம் கிராமமாக வரவுசெலவு எடுக்கச் சொன்னார். 1931-இல் வெளிவந்த அந்த ஆய்வை இன்றும் பொருளாதார மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். நடுவில் சிறை, யங் இந்தியா பத்திரிகைப் பொறுப்பு என்று பலவும் உண்டு. அதையெல்லாம் நீங்கள் வேறு புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம்.

நான் விட்டுவிட முடியாத சம்பவம் ஒன்று உண்டு. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. தொண்டர்கள் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அணாதான் என்று கட்டுப்பாடு வைத்தார். காந்தியும் அவரோடு ஒரு கூட்டமும் வந்து சேர்ந்தது. அவர்களுடைய உணவுச் செலவும் கார் பெட்ரோலும் அந்த வரம்புக்குள் அடங்காது. நிவாரண நிதியிலிருந்து அதற்குப் பணம் தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டு, தம் கூட்டத்தின் செலவுக்கு அந்த நிதியைத் தொடக் கூடாது என்று தம் ஆட்களிடம் சொன்னார் என்பார்கள். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலதிகாரியின் பில்லைத் திருப்பி அனுப்புவது லேசான காரியம் இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம்தான் அதன் இடம். மகன்வாடி என்று பெயர். குமரப்பா அதன் செயலாளர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கையால் செய்த காகிதம் எல்லாம் அங்கே பரிசோதிக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே பிறந்ததுதான். பனைவெல்லத்துக்காக அவர் விடாமல் வாதாடினார். கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும், பனையோ எதற்கும் உதவாத தேரியிலும் நிற்கும், ஆகவே சர்க்கரையைப் பனையிடம் கேட்டால் கரும்பு நிலத்தில் தானியம் விளையும் என்பது அவர் கணக்கு. பதநீர் குடித்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வரிசையில் கழிவும் சேர்ந்திருந்தது. மலம், சாணம், இலை தழை எல்லாவற்றையும் எருவாக்குவதை ஒரு கிராமத் தொழிலாகவே அந்தச் சங்கம் எடுத்துக்கொண்டது. இதற்குச் சில வருஷம் முன்பு, 1924-லிருந்து 1931 வரை, இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி குப்பையை முறைப்படி மக்க வைக்கும் வழியைச் சோதித்து வெளியிட்டிருந்தார். இந்தூர் முறை என்பார்கள். காந்தியின் ஹரிஜன் இதழிலும் அதைப் பற்றி எழுதினார்கள்.

ஹோவர்ட் அதை மண் விஞ்ஞானமாகப் பார்த்தார். குமரப்பா கணக்காகப் பார்த்தார். உலகில் கையிருப்பு என்று ஒன்று உண்டு, ஓட்டம் என்று ஒன்று உண்டு என்பது அவர் பிரிவினை. நிலக்கரியும் பெட்ரோலும் கையிருப்பு, எடுக்க எடுக்கக் குறையும். மரம், எரு, கால்நடை, மனித உழைப்பு இவை ஓட்டம், திரும்பத் திரும்ப வரும். 1942 போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் என்ற தம் கருத்தைப் புத்தகமாகவே எழுதினார். நம் பாஷையில் சொன்னால், வட்டியில் சாப்பிடுகிறவன் காலம் முழுக்கச் சாப்பிடுவான், டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுகிறவன் ஒரு நாள் வெறும் பாஸ்புக்கோடு நிற்பான். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாவிட்டால் ஓட்டமாக இருந்ததும் கையிருப்பாகிக் கரைந்துவிடும். ரசாயன உரத்தை அவர் கடைசிவரை எதிர்த்ததும், உழவு மாட்டை விரட்டிவிட்டு டிராக்டரைக் கொண்டுவந்தால் சாணத்துக்கு எங்கே போவது என்று கேட்டதும் இதனால்தான்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவன் இல்லை. ஐம்பதுகளில் ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறையைக் கேட்டால், உர மூட்டை வந்ததால் வயிறு நிறைந்தது என்றும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். அவர் கோபக்காரர், நேரம் தவறினால் யாரையும் விடமாட்டார் என்றும் சொல்கிறார்கள். நிலச் சீர்திருத்தத்துக்குக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-இல் அறிக்கை கொடுத்தார், அதில் பாதியாவது நடந்திருந்தால் என்ற ஏக்கம் பலருக்கு உண்டு. சுதந்திர இந்தியா வேறு பாதையில் போனது. ரத்த அழுத்தத்தோடு, கல்யாணம் செய்துகொள்ளாத அந்த மனிதர், டி.கல்லுப்பட்டியில் ஒரு சின்னக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சுவரில் ஒரு ஏழைக் கிராமத்தானின் படம் மாட்டியிருந்தாராம். வந்தவர்கள் விசாரித்தால், தம் எஜமானருக்கு எஜமானர் அவர் என்று விளக்குவாராம். 1960 ஜனவரி 30-இல் காலமானார். காந்தி இறந்த அதே தேதி.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில், சருகை டிராக்டர் வைத்து அள்ளிப் போக ஒருவருக்கு வருஷ ஒப்பந்தம் கொடுப்பது பற்றி முடிவெடுக்கப் போகிறோம். எரிப்பதை விட அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அள்ளிப் போகவும் பணம், பதிலுக்கு மண்ணும் உரமும் வாங்கவும் பணம். அந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய பில் இது. ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அதற்காக ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், கிணற்றிலிருந்து தள்ளி, செயலாளரின் அனுமதியோடு ஒரு குழி வெட்டியிருக்கிறேன். ஆழம் இரண்டரை அடி.

வழி சிக்கலானது இல்லை. சருகில் கரிச்சத்து அதிகம், பச்சைத் தழையிலும் சாணத்திலும் தழைச்சத்து அதிகம். கரி முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அளந்து பார்க்க நம்மால் முடியாது, ஆகவே மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறிக் கழிவோ பச்சைத் தழையோ போட்டு, மேலே சாணக் கரைசலும் கொஞ்சம் மண்ணும் சாம்பலும் தெளித்தால் போதும். பிழிந்த துணியின் ஈரம் இருக்க வேண்டும். சில நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும், அதில் களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும். இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் என்று மூன்று தடவை கிளறினால் மூன்று மாதத்தில் எரு தயார். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சருகு போட்டுக் கிளற வேண்டும்.

இப்போது தொடங்கினால் சாரல் தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பாதி குறைத்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு இந்த எரு கிடைக்காது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆவணிக் கடைசியில் கிடைக்கும், புரட்டாசி நடவுக்குச் சரியாக இருக்கும். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் கட்டும் என்பதால் அடுத்த சுற்றைத் தரைக்கு மேல் குவியலாகப் போட வேண்டும், இந்தூரிலும் மழைக்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

உங்களிடம் கேட்பது மூன்று. மாடியில் பெருக்கும் சருகைப் பிளாஸ்டிக் கலக்காமல் சாக்கில் கட்டிக் குழிப்பக்கம் வையுங்கள். வேப்பம்பழம் உதிரத் தொடங்கிவிட்டது, அதைக் குழியில் போடாமல் தனியே சேருங்கள், கொட்டையைக் காயவைத்து இடித்தால் பூச்சிக்கு மருந்து. எலுமிச்சைத் தோலைக் கொஞ்சமாகப் போடுங்கள், புளியங்குடி பக்கத்தில் இருப்பதால் நம் வீடுகளில் அது கொஞ்சம் அதிகம்தான்.

சருகு நிரப்பும் வேலை ஜூன் முதல் ஞாயிறு, முதல் கிளறல் மூன்றாம் ஞாயிறு. இரண்டுமே காலை ஆறரை மணிக்கு. மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.