கண்ணைக் கெடுத்த எழுத்தா?

பிள்ளைகளே, கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல கணினிகளில் 'பாஸ்கர்வில்' என்ற பெயர் இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர்!

ஜான் பாஸ்கர்வில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கையெழுத்து கற்றுக்கொடுத்தவர்; கல்லறைக் கற்களில் எழுத்துச் செதுக்கியவர். பிறகு தட்டு, பெட்டிகளுக்கு மெருகு பூசும் தொழிலில் நிறையச் சம்பாதித்தார். அந்தப் பணத்தை அழகான அச்செழுத்து உருவாக்குவதில் கொட்டினார். மையையும் தாமே தயாரித்தார். அச்சடித்த தாளைச் சூடாக அழுத்தி வழவழப்பாக்கினார். 1757-இல் கவிஞர் வெர்ஜிலின் நூலை அச்சிட்டார்.

பாராட்டினார்களா? மெல்லிய கோடுகள் கண்ணைக் கெடுத்துவிடும் என்றார்கள் சிலர்!

இடிதாங்கி கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு வேடிக்கை செய்தார். அப்போது எல்லோரும் விரும்பிய கேஸ்லன் எழுத்தின் மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேற்பகுதியைக் கிழித்துவிட்டார். பாஸ்கர்வில் எழுத்து என்று சொல்லி, குறை கூறிய ஒருவரிடம் நீட்டினார். அவரும் குற்றம் குற்றமாகக் காட்டி, படித்தாலே கண் வலிக்கிறது என்றாராம்! பாவம், பிராங்க்ளின் உண்மையைச் சொல்லி அவர் மானத்தை வாங்கவில்லை.

1775-இல் பாஸ்கர்வில் காலமானார். எழுத்து வார்க்க உதவும் எஃகு அச்சுகளை, அவர் மனைவி சாரா 1779-இல் பிரான்சுக்கு விற்றார். எழுத்தும் மெல்ல மறக்கப்பட்டது. 1923-இல் மோனோடைப் நிறுவனம் அதை மறுபடி உருவாக்கியது. 1953-இல் அந்தப் பழைய அச்சுகளும் இங்கிலாந்துக்கே திரும்பி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.